மக்காச்சோளத்தில் பூசணம்: கேட்டவர்களுக்குப் பதில்

தொப்பம்பட்டியிலிருந்து: அண்ணா, மட்டையை உரித்தால் கதிர் நுனியில் மஞ்சளும் பச்சையுமாகத் தூள். கடைசியில் பிடித்த மழைதான் காரணமா?

மழை மேல் மட்டும் பழி போடாதீர்கள். அது ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குவது அதுதான். கதிர் நூல் விடும் சமயத்தில் தண்ணீர் இல்லாமல் பயிர் வாடினால், அப்போதே உள்ளே போய்விடும். படைப்புழு துளைத்த ஓட்டையும் அதற்கு வாசல். மழை, உள்ளே இருப்பதை வளர்த்துவிடுகிறது, அவ்வளவுதான். மணியின் அடியில் கறுப்புப் படலம் தெரிந்தால் கதிர் முற்றி அறுவடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டிலேயே நிறுத்தாதீர்கள். தூள் பிடித்த கதிரைக் களத்துக்கே கொண்டுவர வேண்டாம்.

ஆயக்குடியிலிருந்து: ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்க வசதியில்லை. கடித்துப் பார்த்தால் போதுமா?

பல்லை நம்பாதீர்கள், உப்பை நம்புங்கள். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மணி, ஒரு கைப்பிடி தூள் உப்பு. மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால்மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மறுபடி களத்தில் பரப்புங்கள். ஒட்டாவிட்டாலும் இன்னொரு வெயில் காட்டி, 12, 13-க்கு இறக்கிச் சாக்கில் பிடிப்பது நல்லது. சாக்கு பலகை மேல் இருக்கட்டும், சுவரில் சாய வேண்டாம். ஐப்பசி மழையில் உப்பே கசிந்து கிடக்கும், முதலில் வாணலியில் வறுத்துக்கொள்ளுங்கள். நான் அதை மறந்து ஒருமுறை நன்றாகக் காய்ந்த சோளத்தை இரண்டு நாள் வீணாகக் காயவைத்தேன்.

வெள்ளகவியிலிருந்து: வெள்ளையும் ரோஸுமாகப் பூசணம் பிடித்த சோளம். நாங்கள் தின்னவில்லை, சுமை தூக்கும் குதிரைக்குப் போடலாமா?

போடவே போடாதீர்கள். அது ஃபியூசேரியம், அதன் நஞ்சு ஃபியூமோனிசின். மாடு ஓரளவு தாங்கும், குதிரை தாங்காது. மூளையின் வெண்பகுதி கரைந்துபோகும். தடுமாறும், கண் தெரியாது, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலைக்கு வந்தபின் மருந்து கிடையாது. பூசணத்தைத் தட்டிவிட்டுப் போடலாம் என்றும் நினைக்க வேண்டாம்; உடைந்த மணியிலும் குப்பையிலும்தான் நஞ்சு அதிகம். பார்க்கச் சுத்தமான மணியிலும் இருக்கலாம்.

பண்ணைக்காட்டிலிருந்து: வேகவைத்தால் போய்விடும் என்கிறார்களே?

பூஞ்சை சாகும், நஞ்சு போகாது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: மாட்டுக்குப் போட்டுவிட்டோம், ஐயா. பால்?

அஃப்ளடாக்சின் பாலில் இறங்கும். உடனே நிறுத்துங்கள், சில நாளில் பால் தெளிந்துவிடும். அதுவரை பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து: வியாபாரி திருப்பிவிட்டார். நல்ல மணியோடு கலந்து விற்றால் தெரியுமா?

தெரியாமல் போகலாம். ஆனால் உணவுத் தானியத்தில் அஃப்ளடாக்சினுக்குச் சட்டம் விட்டிருக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு கைப்பிடி கெட்ட மணி ஒரு மூட்டையையே அதைத் தாண்ட வைக்கும். 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமஹாலிலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 100-க்கும் மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். வீட்டில் இருந்தது அந்தச் சோளம் ஒன்றுதான். கலக்காதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள், கோழி கிளறாத ஆழத்தில்.