முதலில் பறவை, பிறகு புத்தகம்: வாசகர் கேள்விகள்

பறவை பார்க்கத் தொடங்கப் போகிறேன். ஒரே ஒரு புத்தகம் என்றால் எது? (வேளச்சேரி)

ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி, க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு'. உங்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கூப்பிடு தூரம். நாமக்கோழியையும் நீலத் தாழைக்கோழியையும் தூரத்திலேயே பிரித்துச் சொல்லப் பழகிய பிறகு அடுத்த புத்தகம் கேட்டு எழுதுங்கள்.

எங்கள் தெருவில் பழுப்பு நிறத்தில் ஒரு பறவை வந்தது. அழகான குரல். எந்தப் புத்தகத்தில் இருக்கும்? (அம்பத்தூர்)

எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், பாதிப் பக்கங்களில். மைனாவைவிடப் பெரிதா, சிறிதா? தரையிலா, மரத்திலா? எந்த மாதம்? ஒன்றையும் எழுதவில்லை. நூறு தடவை சொல்லியாயிற்று: முதலில் பறவை, பிறகு புத்தகம். பார்த்ததைக் குறித்துக்கொள்ளுங்கள், அது பறந்து போனதும் பக்கத்தைப் புரட்டுங்கள். பெரும்பாக்கத்தில் ஓர் இளைஞர் குனிந்து பக்கம் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடிய கரண்டிவாயன் அவர் தலைக்கு மேலேயே பறந்து போயிற்று.

புகைப்படம் உள்ள கையேடா, ஓவியம் உள்ளதா? (தாம்பரம்)

ஓவியம். புகைப்படத்தில் இருப்பது ஒரு பறவை, ஒரு நேரத்து வெயில், அவ்வளவுதான். ஓவியர் ஆண், பெண், குஞ்சு, பறக்கும் தோற்றம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைக்கிறார். ஒன்றுபோலவே தோன்றும் கரைப்பறவைகளான உள்ளான்களைப் பிரித்தறிய வேறு வழியே இல்லை. கிரிம்மெட், இன்ஸ்கிப் தம்பதியர் கையேட்டில் என் பிரதியின் உள்ளான் பக்கங்கள் பழவேற்காட்டு உப்புத் தண்ணீர் பட்டு அப்பளமாகச் சுருண்டுவிட்டன. இன்றும் அதிகம் புரட்டுவது அவற்றைத்தான்.

லஸ் நடைபாதைக் கடையில் பறவையியலாளர் சாலிம் அலியின் 'தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்' பழைய பதிப்பு கிடைத்தது. இன்றைக்குப் பயன்படுமா? (மயிலாப்பூர்)

பயன்படும். 1941இல் முதலில் வந்த புத்தகம். அதன் நடைக்காகவே படிக்கலாம். பெயர்கள் மட்டும் மாறியிருக்கும். அதில் 'கிரே பெலிகன்' என்றிருப்பது இன்று 'ஸ்பாட்-பில்ட் பெலிகன்'. நமக்கு அன்றும் இன்றும் கூழைக்கடா.

தமிழ்ப் பறவை நூல்களில் ஆளுக்கொரு பெயர் போடுகிறார்கள். எதை நம்புவது? (நங்கநல்லூர்)

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மதிப்புரைக்கு வந்த ஒரு புத்தகத்தை எரிச்சலோடு மூடி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதில் பனங்காடை 'இந்திய உருளி' ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் ரோலர் அல்லவா! காற்றில் அது குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்து வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. நம் ஆள் அதைப் பனைமரத்தில் பார்த்தான், பனங்காடை என்றான். கரண்டிவாயன் அந்தப் புத்தகத்தில் 'தேக்கரண்டி அலகி'. ஆறுமணிக்குருவியோ 'இந்திய பிட்டா'. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கத்துவதால் வந்த பெயர். அதை எப்போது தேட வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பிட்டா என்றால் தெலுங்கில் சிறு பறவை. ஆக, 'இந்தியச் சிறு பறவை' என்று எழுதிவிட்டு மொழிபெயர்த்ததாகப் பெருமை வேறு.

சத்திமுத்தப் புலவர் நாரையைப் பாடும்போது சிவந்த கால், பவள நிற அலகு, பிளந்த பனங்கிழங்கு போன்ற அதன் வடிவம் என்று மூன்றையும் சொல்லிவிட்டார். கையேடு இதைவிட என்ன சொல்லும்? ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது என்பார்கள், உண்மைதான். இரண்டு பெயரையும் போடுங்கள், அறிவியல் பெயரையும் பக்கத்தில் அச்சிடுங்கள். க. ரத்னம் தமிழில் பறவைப் பெயர்களைத் தனி நூலாகவே தொகுத்திருக்கிறார். அதைப் புரட்டிப் பார்க்கக்கூட இவர்களுக்கு நேரமில்லை. கடையில் வாங்குமுன் பெயரகராதியில் கரிச்சான், கொண்டலாத்தி, பனங்காடை மூன்றையும் தேடுங்கள். மூன்றும் இல்லையென்றால் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள்.

ஏழு வயதுப் பேத்திக்கு? (குரோம்பேட்டை)

ஒரு நோட்டும் வண்ணப் பென்சில்களும். புத்தகம் பிறகு.

ராஸ்முசென், ஆண்டர்டன் எழுதிய தெற்காசியப் பறவைகள் நூலைப் பள்ளிக்கரணைக்கு எடுத்துப்போகலாமா? (அண்ணா நகர்)

இரண்டு தொகுதிகள், 1,400 இனங்களுக்கு மேல். சுமப்பதற்குக் கூடவே ஓர் ஆள் வருவாரென்றால் எடுத்துப்போங்கள். பறவைக் குரல்களின் ஒலி வரைபடங்கள் அருமை, வீட்டு மேசையில். மறுபடியும் சொல்கிறேன்: முதலில் பறவை.

சாலிம் அலியின் தன்வரலாறு இரவல் கிடைக்குமா? (திருவான்மியூர்)

கிடைக்காது. 1985இல் வெளிவந்த நூல் அது. என் பிரதியை நம்பிக் கொடுத்தேன், இன்னும் திரும்பவில்லை. எடுத்துப்போனவர் இந்தப் பகுதியை வாராவாரம் படிக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.