கார்டுக்கு எந்தப் பெயர்? கேள்வி பதில்

மேடைக்கும் ஸ்டுடியோவுக்கும் பல வருடங்களாக கார்ட் ஷீட் எழுதுகிறேன். கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகள்; எங்கே எந்த கார்ட் என்று வாசிப்பவருக்குச் சொல்லும் தாள்தான் ஷீட். சி, ஈ, ஜி எல்லாம் மேற்கத்திய நோட்டுப் பெயர்கள்; ஃபிளாட் என்றால் அரைப் படி கீழே, ஷார்ப் என்றால் அரைப் படி மேலே. பெரிய கார்டுகளை எப்படி எழுதுவது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

சி9, சி ஆட் 9 இரண்டும் ஒன்றுதானே சார்?
இல்லை. சி9-இல் ஏழாவது நோட்டும் சேர்ந்தே வரும்: சி, ஈ, ஜி, பி ஃபிளாட், டி. ஆட் 9-இல் பி ஃபிளாட் கிடையாது.

மேஜர் 7-க்குப் பெரிய எம் போட்டால் போதாதா?
வேண்டவே வேண்டாம். ஒரு கல்யாணக் கச்சேரிக்கு அப்படித்தான் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். மேடை வெளிச்சத்தில் கீபோர்ட் தம்பி கண்ணுக்கு அது சின்ன எம், அதாவது மைனர். பாடகி ஈ-யில் நீட்டி நிற்கிறார், கீழே ஈ ஃபிளாட் வந்து உரசுகிறது. அவர் சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து எம், ஏ, ஜே என்று மூன்றெழுத்தும் எழுதுகிறேன்.

சி சஸ் 4-இல் ஈ உண்டா?
கிடையாது. ஈ-க்குப் பதிலாகத்தான் எஃப்.

சி, ஈ, ஜி, ஏ. இது சி6-ஆ, ஏ மைனர் 7-ஆ?
பேஸ், அதாவது அடி நோட்டுகளை வாசிக்கும் வாத்தியம், சி வாசித்தால் சி6, ஏ வாசித்தால் ஏ மைனர் 7.

பேஸ் சி வாசித்தாலும் அது ஏ மைனர் 7-இன் இன்வெர்ஷன்தானே, அதே நோட்டுகளை வரிசை மாற்றி அடுக்கியது? ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் ஏ-தான் அடியில் வருகிறது.
நல்ல மறுப்பு. என் பதில்தான் அவசரப் பதில். பிரான்சில் ராமோ என்ற இசையமைப்பாளர் 18-ஆம் நூற்றாண்டிலேயே இதை யோசித்திருக்கிறார். எஃப், ஏ, சி, டி சேர்ந்த கார்ட் அடுத்து சி-க்குப் போனால் ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் நோட்) எஃப், ஜி-க்குப் போனால் ரூட் டி என்பது அவர் வழி. நம் கார்டுக்கும் அதே கணக்குதான். ஜி மேஜர் பாட்டில் அடுத்து டி7, அப்புறம் ஜி வந்தால், ஏ மைனர் 7 எழுதி சாய்கோடு போட்டு சி என்று எழுதுங்கள்; சாய்கோட்டுக்குப் பின் இருப்பது பேஸ் வாசிக்கும் நோட். சி மேஜர் பாட்டு அந்தக் கார்டிலேயே முடிந்தால் அது சி6.

காதுக்கு இரண்டும் ஒன்றுதானே, பெயரில் என்ன இருக்கிறது?
ஷீட்டில் வெறும் ஏ மைனர் 7 என்று இருந்தால் பேஸ் கிடார்காரர் ஏ-யைப் பிடிப்பார். பாட்டு முடிந்த மாதிரியே இருக்காது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பார்த்து வாசிக்கத்தான் இந்தப் பெயர்.

கல்யாணி ராகத்துக்கு என்ன கார்ட் போடலாம்?
அது வேறு படிப்பு. ராகம் அறிந்தவரிடம் கேளுங்கள்.

சி7 ஷார்ப் 9-இல் டி ஷார்ப்பை ஈ ஃபிளாட் என்று எழுதலாமா?
கார்டில் ஈ ஏற்கெனவே இருக்கிறது. ஒன்பதாவது நோட் டி வகைதான், அதனால் டி ஷார்ப். வாசிப்பவருக்குக் குழப்பம் வந்தால் மட்டும் ஈ ஃபிளாட்டுக்கு மாற்றலாம்.

ஆட் 9-க்கும் 9-க்கும் என்ன வித்தியாசம்?
முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

சி11 எழுதலாமா?
எழுதினால் சிலர் ஈ-யையும் எஃப்-ஐயும் சேர்த்து அழுத்திவிடுவார்கள், காது கூசும். ஜி மைனர் 7, சாய்கோடு, சி. இப்படி எழுதினால் ஈ வராது.

சி மேஜர் 7-இல் ஷார்ப் 11 சேர்த்தால்?
ஷார்ப் 11-ஐ அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மேஜருக்கு மூன்றெழுத்து, மறக்க வேண்டாம்.