பல்கனியில் காஸ் கிரில் வைக்கலாமா?

கொழும்பில் கடலோரம் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு, பல்கனியில் காஸ் கிரில் (இறைச்சி, மீன் சுடும் காஸ் அடுப்பு) வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மேலே கூரை, பக்கத்தில் திரைச்சீலை, காயப்போட்ட உடுப்பு; நெருப்புப் பிடிக்க அது போதும். மொட்டை மாடியில் வைக்க நிர்வாகம் அனுமதித்தால், சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி, சமதரையில் வையுங்கள். கடற்காற்றில் சுடர் அணைந்தாலும் காஸ் வந்துகொண்டேயிருக்கும். பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்திலும் வடிகானிலும் தேங்கும். ரெகுலேட்டரைப் பூட்டியதும் சவர்க்காரத் தண்ணீரை மூட்டுகளில் தடவிப் பாருங்கள், இதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். சின்னக் குமிழி ஒன்று ஊதினாலும் உடனே வால்வை மூடுங்கள். அப்புறம், கிரில் மூடியைத் திறந்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். மூடியிருந்தால் உள்ளே சேர்ந்த காஸ் குப்பென்று முகத்தில் அடிக்கும்.