செட்டிரிசின் பெரியவங்களுக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு?

செட்டிரிசின்னா தும்மல், மூக்கொழுகல், அரிப்புக்குப் போடுற அலர்ஜி மாத்திரை. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி., அவ்ளோதான் (கிட்னி பிரச்சினை இருந்தா டாக்டர் குறைப்பாரு). அலர்ஜிய கிளப்பி விடுற ஹிஸ்டமின்ங்கிற உடம்பு ரசாயனம் போய் உக்கார்ற இடத்துல பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி மாத்திரை முந்திக்குது, அதனால டபுளா போட்டா அலர்ஜி டபுளா அடங்காது, தூக்கம்தான் கூடும்.

2லேர்ந்து 5 வயசு வரைக்கும் 2.5 மி.கி.ல ஆரம்பிப்பாங்க, 5 மி.லி.க்கு 5 மி.கி.ன்னு பாட்டில்ல போட்டிருந்தா அது 2.5 மி.லி., மூடியில அளந்து குடுங்க, சமையக்கட்டு ஸ்பூன் வேணவே வேணாம். 2 வயசுக்குள்ளன்னா டாக்டர்கிட்ட கேக்காம குடுக்காதீங்க. சில சளி மருந்துலயும் இதே செட்டிரிசின் இருக்கும், அட்டைய படிங்க.

"குடுத்தா புள்ள நல்லா தூங்கும்"னு சிரப் ஊத்துறாங்க பாருங்க, இது தூக்க மருந்து இல்ல, தூக்கம் இதோட பக்க விளைவு.