கேள்வி – பதில்: வெள்ளம் புகுந்த சுரங்கத்துக்குள் இறங்கும் பம்பு

கேள்வி: சீனாவில் வெள்ளம் சூழ்ந்த சுரங்கச் சாலைகளிலும் நிலத்தடி வாகன நிறுத்தங்களிலும் தண்ணீரை வெளியேற்றுவதற்குத் தொலைவிலிருந்து இயக்கும் ரோபோக்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தேன். லாரியில் வைத்த பெரிய மோட்டார் செய்யாத எதை இந்த ரோபோ செய்கிறது?
– வாசகர், வேலூர்

பதில்: இந்த இயந்திரங்களின் தேவையை விளக்க ஜெங்ஜோ நகரின் வெள்ளத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஆண்டு முழுவதும் சராசரியாக ஏறத்தாழ 640 மில்லிமீட்டர் மழை பெறும் அந்நகரில், 2021 ஜூலை 20 மாலை ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஐந்தாம் எண் மெட்ரோ தடத்தில் 14 பேர் இறந்தனர். ஜிங்குவாங் சாலையின் வடக்குச் சுரங்கத்தில் 6 பேர் இறந்தனர். 247 வாகனங்கள் மூழ்கின. ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தை வற்ற வைத்த பிறகுதான் உள்ளே யாரேனும் இருக்கிறார்களா என்று முழுமையாகத் தேட முடிந்தது.

சீனாவில் இத்தகைய வேளைகளில் மணிக்கு 3,000 கன மீட்டர், அதாவது 30 லட்சம் லிட்டர் வரை வெளியேற்றும் லாரிகள் வரவழைக்கப்படுகின்றன. இவ்வளவு ஆற்றல் இருந்தும் லாரிக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது உயரம்: கார்களுக்காகக் கட்டிய நிலத்தடித் தளத்தின் சரிவுப் பாதைக்குள் லாரி நுழையவே முடியாது. இரண்டாவது இயற்பியல். மேலே இருக்கும் பம்பு உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றை அது வெளியேற்றுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி மேலே ஏற்றுகிறது. அந்த அழுத்தம் அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தாங்கும். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே பம்பு திணறத் தொடங்கிவிடும். கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, உள்ளே திட்டு கட்டி மோட்டாரையும் கீழே இறக்கிக்கொண்டே போன நம் விவசாயிகளுக்கு இது புதிய செய்தி அன்று.

ஆகவே பம்பு தண்ணீர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். ரோபோ என்று நாம் சொல்வது, புல்டோசருக்கு இருப்பது போன்ற சங்கிலிப் பட்டைகளில் ஊர்ந்து செல்லும் தாழ்வான வண்டியின் மேல் பொருத்திய நீர்மூழ்கிப் பம்புதான். விளக்கும் கேமராவும் அதில் உண்டு. பல மாதிரிகளில் பம்பைச் சுழற்றுவது மின்சாரம் அன்று: மேலே நிற்கும் லாரியின் எஞ்சின் எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது, அந்த எண்ணெய் குழாய் வழியே சென்று கீழேயுள்ள பம்பைச் சுழற்றுகிறது. மனிதர்களும் தேங்கிய நீரும் ஒரே இடத்தில் இருக்கும்போது மின்கம்பியை நீருக்குள் விடாமல் இருப்பது பெரிய நன்மை. இயக்குபவர் சரிவின் தலைப்பில் நின்றபடியே அதைச் செலுத்துகிறார். கம்பியில்லாக் கட்டுப்பாடு நீருக்கடியில் எடுபடாது. எனவே வண்டி மூழ்கும் ஆழத்துக்குப் போக வேண்டுமானால் கட்டளைகளையும் கேபிள் வழியாகவே அனுப்ப வேண்டும்.

கேள்வி: தீயணைப்பு வீரர்கள் குழாயை எடுத்துக்கொண்டு இறங்கினால் போதாதா? எதற்காக இவ்வளவு ஏற்பாடு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் தண்ணீர் நிரம்பினால் ஒரு மீட்டர் நீளத்தின் எடை மட்டும் ஏறத்தாழ 70 கிலோ. ஐம்பது மீட்டர் இழுத்துச் செல்ல வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். அதனால்தான் ரோபோவும் குழாயைத் தட்டையாக, காலியாக இழுத்துச் சென்ற பிறகே பம்பை இயக்குகிறது. திரும்பி வரும் முன் பம்பை நிறுத்திக் குழாயை வடியவிட வேண்டும்.

எடையைவிடப் பெரியவை கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள். கலங்கிய நீரில் எங்கே மூடியில்லாத ஆள்நுழைகுழி இருக்கிறது, எந்தப் பலகையில் இன்னும் மின்சாரம் ஓடுகிறது, மிதக்கும் கார்கள் எப்போது நகர்ந்து வழியை அடைக்கும் என்பது இறங்குபவருக்குத் தெரியாது. அவசரத்தில் டீசல் பம்பையே அடித்தளத்துக்குள் இறக்கி ஓட்டினால், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மூடிய இடத்தில் தங்கி ஆளைக் கொல்லும். அதற்கு மணம் கிடையாது என்பதால் எச்சரிக்கையும் கிடைக்காது.

கேள்வி: நான் பம்பு உற்பத்தித் துறையில் இருப்பவன். ஒரே நேரத்தில் பல ரோபோக்களை இறக்கி ஒரு மணி நேரத்தில் வற்ற வைத்துவிடலாமே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும், ஆனால் எல்லா இடத்திலும் செய்யக்கூடாது. 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட அடித்தளத்தில் 3 மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது 7,200 கன மீட்டர். மணிக்கு 500 கன மீட்டர் வெளியேற்றும் ஒரு வண்டிக்கு, ஊற்று எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த எண்ணைப் பார்த்ததும் இன்னும் நான்கு வண்டிகள் கேட்கத் தோன்றுவது இயல்பே.

எனினும் வெள்ளத்துக்குப் பின் சுவருக்கு வெளியே உள்ள மண்ணும் ஊறியிருக்கும். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் வெளிநீர் சுவரை உள்நோக்கித் தள்ளுகிறது, தரைப்பலகையை மேல்நோக்கித் தூக்குகிறது. உள்ளே நிற்கும் நீர்தான் அதற்கு ஈடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஈட்டை ஒரேயடியாக அகற்றினால் வலுக்குறைந்த சுவர் உள்ளே சரியலாம், தரை வெடித்து எழலாம். அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பு வீட்டு அடித்தளங்களுக்குச் சொல்லும் முறை இதற்கு நல்ல வழிகாட்டி: ஓரடி மட்டும் இறைத்து, நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு, ஓர் இரவு காத்திருக்க வேண்டும், காலையில் மட்டம் குறிக்கு மேலே ஏறியிருந்தால் இறைக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று பொருள். கெட்டியான கான்கிரீட் சுரங்கச் சாலைகளுக்கு இவ்வளவு தயக்கம் வேண்டியதில்லை. பழைய கட்டடங்களின் அடித்தளங்களுக்குக் கட்டாயம் வேண்டும். ரோபோவை விற்பவர்களின் விளம்பரங்களில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பதே பெரிய எழுத்தில் இருக்கிறது. வாங்குபவர் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேட்பது நல்லது.

கேள்வி: சிக்கியவர்களை இந்த ரோபோ மீட்குமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மீட்காது. மூழ்கியவருக்கு மிஞ்சுவது நிமிடங்கள். இதற்குத் தேவை பல மணி நேரம்.

கேள்வி: சென்னையின் ரயில்வே சுரங்கப்பாதைகளுக்கு இதை வாங்கினால் என்ன?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் ஆழம் குறைவு, மேலிருந்தே பம்பு எட்டும். அங்கே சிக்கல் வெளியேற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. நிரம்பி வழியும் மழைநீர் வடிகாலிலேயே கொண்டுபோய் விட்டால் அது சுற்றிக்கொண்டு மீண்டும் சுரங்கப்பாதைக்கே வரும். எத்தனை மோட்டார் ஓடினாலும் டீசல்தான் தீரும்.

ஆழமான பள்ளங்களின் கதை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில் சிக்கிய இருவரின் உடல்களை மீட்பதற்கு நாள்கணக்கில் நீர் இறைக்க வேண்டியிருந்தது. கரையே சரியும் அத்தகைய இடத்தில் ஆளை விளிம்பில் நிறுத்தாமல் பம்பை இறக்கும் எந்த ஏற்பாடும் பயன் தரும். ஆயினும் சேற்றுச் சரிவில் சங்கிலிப் பட்டை வண்டியும் புதையும் என்பதால் கிரேனில் தொங்கவிடும் பம்பே அங்கு ஏற்றதாக எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு அடித்தளங்கள் உள்ளன. குடியிருப்போர் சங்கம் என்ன செய்யலாம்?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: ரோபோவுக்குச் செலவிட வேண்டாம். சரிவின் தலைப்பில் சாலையைவிட உயரமான மேடு எழுப்புங்கள். அதற்கு மேல் செருகக்கூடிய தடுப்புப் பலகைகளை வாயிற்காவலரின் அறையிலேயே வைத்திருங்கள். மின் இணைப்புப் பலகையும் ஜெனரேட்டரும் அடித்தளத்தில் இருந்தால் தரைத்தளத்துக்கு மேலே மாற்றுங்கள். மின்சாரம் போன பிறகு சம்ப்பில் இருக்கும் மோட்டாரால் பயனில்லை.

மழை வலுத்ததும் காரை எடுக்க யாரும் இறங்கக்கூடாது என்பதைச் சங்கத்தின் விதியாகவே எழுதி வையுங்கள். தென்கொரியாவின் போஹாங் நகரில் 2022 செப்டம்பர் 6 அன்று ஹின்னம்னோர் புயலின்போது, ஒரு குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்தத்துக்குக் கார்களை வெளியே எடுக்கச் சென்றவர்களில் 7 பேர் இறந்தனர். 2 பேர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டனர்.