ரவுட்டரையும் வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி நடத்துகிறோம். பர்கூரில் குடோன், ஓசூரில் ஆபீஸ். ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாமே பழசு. புதிதுக்கு விலை கேட்டால், 'எதையும் வாங்காதீர்கள், நெட்வொர்க் ஆஸ் எ சர்வீஸ் எடுங்கள், மாதச் சந்தா கட்டினால் போதும்' என்கிறார்கள். எடுக்கலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: எடுக்கலாம். சாமான் அவர்களுடையது, ரிப்பேரும் அவர்கள் பாடு. சீசனுக்கு லாரியை வாடகைக்குப் பிடிக்கிறீர்களே, அது மாதிரிதான். பெங்களூரா மாம்பழ வரத்து இருக்கிற இரண்டு மூன்று மாதம் ராத்திரி ஷிஃப்ட் வரை ஓடும், அப்புறம் பாதி அடங்கிவிடும் என்பதால் உங்கள் தொழிலுக்கு இது பொருந்தவே செய்யும். ஆனால் சீசன் முடிந்து வேகத்தைக் குறைத்தால் பில்லும் குறையுமா என்று முதலில் கேளுங்கள். கூட்டத்தான் முடியும் என்றால், அதற்குப் பெயர் தவணை.

அக்ரிமென்டில் 99.5 சதவீதம் லைன் இருக்கும் என்று அழகாகப் போட்டிருப்பார்கள். 30 நாள் மாதத்தில் 3 மணி 36 நிமிடம் லைன் போனாலும் கேட்க முடியாது என்று அதற்கு அர்த்தம். 99.9 என்றால் சுமார் 43 நிமிடம். ஒரு ஃபேக்டரியில் ஜூன் மாதச் சாயங்காலம் நெட் போய் நான் பார்த்திருக்கிறேன்: எடை மேடையில் சீட்டு வரவில்லை, கேட்டுக்கு வெளியே லாரி வரிசை, கிளார்க் கார்பன் பேப்பர் தேடுகிறார், லோடெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் கனிந்துகொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் பெரும்பாலும் அடுத்த பில்லில் ஒரு சின்னக் கழிவு கிடைக்கும், அவ்வளவுதான்.

அதனால் ஃபேக்டரிக்கு இரண்டு லைன் கேளுங்கள். கொடுக்கிறோம் என்பார்கள், இரண்டும் ஒரே பள்ளத்தில் வருகிறதா என்று நீங்களே ரோட்டோரம் நடந்துபோய்ப் பாருங்கள், ஏனென்றால் ஜேசிபி ஒரு வாரு வாரினால் இரண்டும் சேர்ந்தே போகும். வேறு வழி இல்லாவிட்டால் இரண்டாவதாக ஒரு 5ஜி சிம், சிக்னல் இல்லையென்றால் 4ஜி.

மூன்று இடத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். சீசன் முடிந்ததும், செப்டம்பர் வாக்கில், பர்கூர் குடோனில் மட்டும் போட்டுப் பாருங்கள், பழைய ரவுட்டர் பரணிலேயே இருக்கட்டும். மூன்று வருஷ ஒப்பந்தம் என்றால் மாதத் தொகையை 36-ஆல் பெருக்கி, பக்கத்தில் சொந்தமாக வாங்கும் விலையையும் வருஷாவருஷம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தையும் (ஏஎம்சி) எழுதிப் பாருங்கள். சில சமயம் சொந்தம்தான் மலிவு! நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், செட்டிங் விவரமெல்லாம் உங்கள் கைக்கு வருமா, இது இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: இதை எடுத்தால் எங்கள் ஐடி பையனை அனுப்பிவிடலாமா?
– ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. லைன் போனால் கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்கி விடாமல் துரத்துவதற்கும், எத்தனை மணி நேரம் போனது என்று நோட்டில் குறித்து மாசக் கடைசியில் பில்லோடு ஒப்பிடுவதற்கும் உங்கள் பக்கம் ஒரு ஆள் வேண்டாமா? இன்னொன்று, கணக்கு கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கட்டும், சந்தாக்காரர்களிடம் வேண்டாம்.