டிஸ்டெம்பருக்குப் பிறகு தள்ளாடும் நாய்: அக்குபங்சர் கைகொடுக்குமா?

கேள்வி: எங்கள் மணிக்கு இரண்டு வயது. இரண்டு மாதம் முன்பு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து, எப்படியோ பிழைத்துக்கொண்டான். இப்போது பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. இடது முன்னங்கால் தூக்கத்தில்கூட வெட்டி வெட்டி இழுக்கிறது. மூன்று முறை வலிப்பும் வந்ததால் மாத்திரை கொடுத்து வருகிறோம். அக்குபங்சர் செய்தால் முழுக்கக் குணமாகும் என்கிறார் ஒருவர். கருணைக்கொலை செய்துவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது?

பதில்: இரண்டு யோசனைகளுமே அவசரப்பட்டவை.

டிஸ்டெம்பர் வைரஸ், நமக்கு வரும் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவு. சளி, பேதி என்று தொடங்கி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைச் சிதைக்கிறது. காய்ச்சல் விட்டுப் பல வாரம் கழித்துக்கூட நரம்புக் கோளாறு தலைகாட்டும். தூக்கத்திலும் நிற்காத அந்தத் துடிப்பின் பெயர் மயோக்ளோனஸ். பெரும்பாலும் அது முழுக்கப் போவதில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டே நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி வாழும் நாய்கள் உண்டு. தள்ளாட்டம் மெல்லத் தேற வாய்ப்பு இருக்கிறது.

உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்திவைக்கும் அக்குபங்சர் வைரஸை விரட்டாது, அழிந்த நரம்பை மீட்டுத் தராது. ஊசி நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் சுரக்கிறது, இறுகிய தசை தளர்கிறது, அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். முதுகெலும்பு வட்டு பிதுங்கிக் கால் விழுந்த நாய்களுக்கு, மருந்தோடு சேர்த்துச் செய்தபோது பலன் தெரிந்ததாக ஆய்வுகள் உண்டு. டிஸ்டெம்பருக்கு அத்தனை வலுவான சான்று இல்லை. போதாக்குறைக்கு, எதுவும் செய்யாமலே ஓரளவு தேறும் நாய்களும் இருப்பதால், ‘ஊசி போட்டதும் எழுந்து நடந்தது’ என்ற கதைகளை நான் முழுசாக நம்புவதில்லை.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் செய்தால் ஆபத்து குறைவு. பல நாய்கள் ஊசியோடு கண்ணயர்ந்துவிடும். மணிக்கு வலிப்பு வந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறை அவனுக்கு வேண்டாம். ‘இனி மாத்திரை தேவையில்லை’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபீனோபார்பிட்டால் போன்ற வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினாலே கடும் வலிப்பு வரலாம்.

தொடங்கும் முன் அவன் நடப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். வாரம் ஒன்று வீதம் ஐந்தாறு அமர்வு முடிந்ததும், அதே தரையில் நடக்கவிட்டு இன்னொன்று எடுங்கள். ஆசை கண்ணை ஏமாற்றும், வீடியோ ஏமாற்றாது. வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள்.

உண்மையில் மணியின் கால்களைத் தீர்மானிக்கப்போவது வீட்டுப் பராமரிப்புதான். வழுக்கும் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். ஒவ்வொரு மூட்டையும் தினமும் சில தடவை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். எப்படி என்று மருத்துவரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து நடக்கவிடுங்கள். படுத்தே கிடந்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள், இல்லையேல் படுக்கைப்புண் வரும். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்றும் கவனியுங்கள்.

வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டு முறைக்கு மேல் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மருந்தை மாற்றியும் வலிப்பு அடங்காமல், சாப்பாடும் இறங்காமல், உங்களையே அடையாளம் தெரியாத நிலை வந்தால் அப்போது கருணைக்கொலை பற்றி மருத்துவரிடம் பேசலாம். கால் இழுக்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது.

இன்னொன்று: தேறிய நாயும் சில மாதம் வரை வைரஸை வெளியேற்றக்கூடும். ஆகவே அக்குபங்சர் செய்பவரிடம் நோயைச் சொல்லி, மற்ற நாய்கள் போனபிறகு கடைசி நேரம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதன் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.